எட்டு வாரம் என்றால் எட்டு வாரம்தான்: காப்பீட்டு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

போன வாரம் என் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. குரோன்ஸ் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோய்க்காக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான் வீட்டில் போட்டுக்கொள்ளும் அடலிமுமாப் ஊசிக்குப் பணம் தர முடியாதாம். வீட்டில் தானே போட்டுக்கொள்வது மருத்துவமனைச் சிகிச்சை ஆகாது என்று ஒரே வரியில் காரணம் எழுதியிருந்தார்கள். சரி, மருத்துவமனைக்குப் போய் ஏற்றிக்கொண்ட பழைய மருந்துக்காவது ஒழுங்காகத் தந்தார்களா என்றால், அதுவும் இல்லை. 24 மணி நேரம் படுக்கவில்லையே என்று அப்போது கேட்டார்கள். அந்த இழுபறி முடிவதற்குள் அந்த மருந்தே எனக்கு இல்லை என்றாகிவிட்டது.

நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். அவர்கள் எனக்கு எடுத்துக்காட்டிய வரையறைகள் வேறு நிறுவனங்களின் பாலிசிகளிலும் சொல் மாறாமல் இருக்கின்றன. வாங்கிப் படித்துப் பார்த்தேன். ஏனென்றால் அவை நீங்கள் வகுத்துக் கொடுத்த வரையறைகள். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

எனக்கு 33 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். 2016-இல், எனக்கு ஒரு நோயும் இல்லாத காலத்தில், அப்பா என் பெயரில் ஐந்து லட்சத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தார். “நல்லா இருக்கறப்பவே போட்டு வெச்சரோணும் கண்ணு” என்றார். அன்றிலிருந்து ஒரு வருடம்கூடப் ப்ரீமியம் தவறியதில்லை.

2021-இல் அடிவயிற்று வலியும் பேதியும் தொடங்கின. நாளைக்குப் பத்து, பன்னிரண்டு முறை. ஏழு மாதத்தில் 14 கிலோ இறங்கினேன். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் சிறுகுடல் முடியும் இடத்தில் புண்கள் தெரிந்தன. நம் நாட்டில் அந்த இடத்தில் புண் என்றால் மருத்துவர்கள் குடல் காசநோயையும் நினைத்துத்தான் ஆக வேண்டும். குரோன்ஸ் நோயும் அதுவும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். பல நேரம் சதை எடுத்துச் சோதித்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. காசநோயைக் குரோன்ஸ் என்று தவறாக எண்ணி ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே முதலில் காசநோய் மாத்திரை. ஆறு மாதம் விழுங்கினேன், சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போயிற்று, புண் ஆறவில்லை. அதற்குப் பிறகுதான் குரோன்ஸ் என்று எழுதினார்கள். இதில் மருத்துவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இந்தக் காசநோய் மாத்திரை பின்னால் என்ன வேலை செய்தது என்பதற்காகச் சொல்லி வைக்கிறேன்.

இந்த நோயைப் பற்றி வெளியில் பேசுவது கடினம். மூட்டுவலி என்றால் சொல்லலாம், சர்க்கரை என்றால் சொல்லலாம். இதைச் சொல்ல வேண்டுமென்றால் கக்கூஸில் தொடங்க வேண்டும். கோயம்புத்தூருக்கு நான் பஸ்ஸில் போவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. எக்ஸ்பிரஸ் ரயிலில்தான் போவேன், அதில் கழிப்பறை இருக்கிறது. கல்யாண மண்டபத்துக்குப் போனால் முதலில் பந்தியைப் பார்ப்பதில்லை, பின்பக்கம் எங்கே என்று பார்ப்பேன். அலுவலகத்தில் என் மேசையைக் கேட்டு வாங்கிக் கதவோரம் மாற்றிக்கொண்டேன். காரணம் கேட்டவர்களிடம் காற்று வேண்டும் என்று சொன்னேன்.

ஸ்டீராய்டில் முகம் உப்பியது. நோயெதிர்ப்பை அடக்கும் அசாதயோபிரின் மாத்திரை கொஞ்ச காலம் தாங்கியது. 2023-இல் ஆசனவாய்க்குப் பக்கத்தில் பவுத்திரம் வந்தது. குரோன்ஸ் நோயாளிகள் பலருக்கு வரக்கூடியதுதான். சீழ் கட்டி, அறுவை சிகிச்சை செய்து, உள்ளே ஒரு நூலைக் கோத்து விட்டார்கள். அந்த அறுவை சிகிச்சைக்கு நிறுவனம் அன்றைக்கே கேஷ்லெஸ் ஒப்புதல் (நான் கட்டாமல் அவர்களே மருத்துவமனைக்குப் பணம் தருவது) கொடுத்தது, ஒரு கேள்வி கேட்கவில்லை. மயக்க மருந்து இருந்தது, படுக்கை இருந்தது, கத்தி இருந்தது. அவர்களுக்குப் புரிகிற சிகிச்சை.

பவுத்திரம் திரும்பத் திரும்ப வராமலிருக்க இன்ஃப்ளிக்சிமாப் தொடங்க வேண்டும் என்றார் மருத்துவர். அமெரிக்காவில் 1998-இல் குரோன்ஸ் நோய்க்காகவே முதலில் அனுமதி பெற்ற மருந்து அது. அழற்சியை மூட்டிவிடும் டி.என்.எஃப். என்ற புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடும். மாத்திரையாக விழுங்க முடியாது, வயிற்றில் செரித்துப்போகும். ரத்தக் குழாயில் ட்ரிப்ஸாக இரண்டு மணி நேரம் ஏற்ற வேண்டும். கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற கணக்கில் என் எடைக்கு 100 மில்லிகிராம் குப்பி மூன்று. மருத்துவமனைச் செலவோடு ஒருமுறைக்கு 68,000 ரூபாய் பக்கம் வந்தது. என் சம்பளம் மாதம் 28,000.

தொடங்கும் முன் நெஞ்சு எக்ஸ்ரே, காசநோய்க்கான ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். டி.என்.எஃப்.-ஐக் கட்டிப்போட்டால் உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும் காசநோய் எழுந்துவிடும் என்பதால் அது கட்டாயம். 2024 பிப்ரவரி 5 அன்று முதல் முறை ஏற்றினார்கள். இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், பிறகு எட்டு வாரத்துக்கு ஒருமுறை. பிப்ரவரி 19, மார்ச் 18, மே 13, ஜூலை 8. இந்தத் தேதிகளை நான் நாட்குறிப்பைப் பார்த்து எழுதவில்லை. ஜூனில் ஒருநாள் அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான், காலையிலிருந்து ஒரே ஒருமுறைதான் போயிருக்கிறேன் என்று உறைத்தது. நாலு கிலோ ஏறியிருந்தேன். அம்மா அந்த வாரம் என் ரவிக்கைகளைப் பிரித்துத் தைத்தார்.

இங்கே ஒன்றை நிதானமாகச் சொல்ல வேண்டும். இந்த மருந்துக்கு எட்டு வாரம் என்பது டாக்டரின் வசதிக்காகக் கொடுக்கும் அப்பாயின்ட்மென்ட் தேதி அல்ல. இன்ஃப்ளிக்சிமாப் எலிப் புரதமும் மனிதப் புரதமும் சேர்த்துச் செய்த ஆன்டிபாடி, அதாவது வேண்டாததைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதம். ரத்தத்தில் அதன் அளவு ஒழுங்காக இருக்கும்வரை உடம்பு பெரும்பாலும் அதைச் சும்மா விட்டுவைக்கும். அளவு இறங்கி, இல்லாமலே போய், பல வாரம் கழித்து மறுபடி வந்தால், யாரோ வெளியாள் நுழைந்துவிட்டான் என்று உடம்பு அதற்கு எதிராகவே ஆன்டிபாடி செய்யத் தொடங்கலாம். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பலிக்காது. சிலருக்கு ஏற்றும்போதே ஒவ்வாமை வரும். விட்டுவிட்டுக் கொடுத்தால் இப்படி ஆகும் வாய்ப்பு கூடுதல் என்பது குடல் மருத்துவர்களுக்கு இருபது வருடத்துக்கு மேலாகத் தெரிந்த சங்கதி. ஒரு மாதம் தள்ளிப்போட்ட கண்புரை அறுவையை அடுத்த மாதம் செய்துகொள்ளலாம். இது அப்படி இல்லை. தேதியும் மருந்தில் ஒரு பகுதி.

செப்டம்பர் 2, திங்கட்கிழமை. ஆறாவது முறைக்காகக் கோயம்புத்தூர் போய் உட்கார்ந்திருந்தேன். கையில் ஊசிக்குழாய் குத்தியாகிவிட்டது. காப்பீட்டுக் கவுன்ட்டரிலிருந்து ஒரு பையன் வந்து, கேஷ்லெஸ் மறுத்துவிட்டார்கள் என்றான். நீங்கள் அந்த வருடம் மே 29 அன்று வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கையில், கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. அதை அவர்கள் மீறவில்லை. 40 நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள்: 24 மணி நேரத்துக்கும் குறைவு, வெளிநோயாளி சிகிச்சை, பாலிசியில் வராது. அதே பாலிசியில், அதே மருத்துவமனையில், அதே மருந்துக்கு ஐந்து முறை தந்தவர்கள்தான்.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஓர் அக்கா கீமோ ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரே அறை, ஒரே மாதிரி ஸ்டாண்டு, ஒரே சிஸ்டர், கிட்டத்தட்ட ஒரே நேரம். அவருடைய கிளைம் நின்றதே இல்லை. கீமோதெரபிக்கும் டயாலிசிஸுக்கும் 24 மணி நேரக் கணக்கு கிடையாது என்று பெரும்பாலான பாலிசிகளில் எழுதியே இருக்கிறது. அந்த அக்காவுக்குக் கிடைத்ததில் எனக்குப் பொறாமை இல்லை. என் கையிலிருந்த ஊசிக்குழாயை எடுத்துப் பஞ்சு வைத்து அழுத்தியபோது, சிஸ்டர்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

பணத்தைக் கட்டி ஏற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கலாம். நிறுவனத்தின் உதவி எண்ணிலும் அதையே சொன்னார்கள்: “கேஷ்லெஸ் மறுப்பு என்பது கிளைம் மறுப்பு அல்ல மேடம், கட்டிவிட்டு அப்புறம் கேளுங்கள்.” கட்டிவிட்டுக் கேட்டால் தருவார்களா என்று கேட்டேன். அதைப் பரிசீலனைக்குப் பிறகுதான் சொல்ல முடியும் என்றார்கள். என் நகைகள் 2023-லேயே அடகுக் கடைக்குப் போய்விட்டன. அண்ணன் வீட்டுக் கடனில் இருக்கிறான். வருமா என்று தெரியாத 68,000 ரூபாயை எந்த நம்பிக்கையில் புரட்டுவது?

அதன் பிறகு கேள்விகள் வந்தன. மறுக்கிறோம் என்று சொல்ல மாட்டார்கள். மறுத்தால் உங்கள் சுற்றறிக்கைப்படி கிளைம்களைப் பரிசீலிக்கும் குழுவின் ஒப்புதல் வேண்டும், எந்த விதியின் கீழ் என்று காட்ட வேண்டும். ஆகவே விளக்கம் கேட்பார்கள். மருத்துவமனையிலிருந்து அவர்களே வாங்கிக்கொள்ள வேண்டிய ஆவணங்களை என்னிடம் கேட்டார்கள். கொடுத்தேன். முதன்முதலில் டாக்டரைப் பார்த்த சீட்டைக் கேட்டார்கள். கொடுத்தேன். அதில் காசநோய் மாத்திரை எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே காசநோய் இருந்ததை ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டார்கள். பாலிசி 2016, மாத்திரை 2021. தவிர 60 மாதம் தொடர்ந்து ப்ரீமியம் கட்டியவரிடம், மோசடி இருந்தாலொழிய, மறைத்தீர்கள் என்று கிளம்பக்கூடாது என்பதும் உங்கள் விதிதான்.

இன்னொரு கடிதம் எனக்கு மனப்பாடம். இது மன அழுத்தத்தால் வரும் நோய், வாழ்க்கைமுறை மாற்றம் போதுமே, இவ்வளவு விலை உயர்ந்த ஊசி ஏன் என்று அதில் கேட்டிருந்தார்கள். அவர்கள் சொன்னது ஐ.பி.எஸ். என்ற குடல் இயக்கக் கோளாறு; எனக்கு இருப்பது ஐ.பி.டி. என்ற குடல் அழற்சி நோய், குரோன்ஸ் அதில் ஒரு வகை. ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். முன்னதில் குடல் சரியாக இயங்காது, ஆனால் புண்ணாகாது. பின்னதில் குடல் புண்ணாகும், சுருங்கும், ஓட்டையாகும். என் குடலின் படத்தை வண்ணத்தில் இணைத்திருந்தேன். அதைத் திறந்துகூடப் பார்க்காதவர் என் சிகிச்சையின் அவசியத்தை முடிவு செய்திருக்கிறார்.

அக்டோபர் நடுவில் வந்த கடிதத்தில்தான் விஷயத்தின் வேர் கிடைத்தது. டே கேர் சிகிச்சை (24 மணி நேரத்துக்குள் முடிந்து வீடு திரும்பும் சிகிச்சை) என்றால் பொது மயக்கமோ, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் மருந்தோ கொடுத்துச் செய்வதாக இருக்க வேண்டும். உங்களுக்கு அப்படி எதுவும் தரப்படவில்லை. ஆகவே இது டே கேர் அல்ல என்று எழுதியிருந்தார்கள். உங்கள் வரையறையைத் தேடிப் படித்தேன். உண்மைதான், அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நீங்களே 2019 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், காப்பீட்டிலிருந்து விலக்கக்கூடாத 12 நவீன சிகிச்சை முறைகளைப் பட்டியலிட்டிருக்கிறீர்கள். ரோபோ அறுவை சிகிச்சை, கண்ணுக்குள் போடும் ஊசி, வாய்வழிக் கீமோதெரபி இவற்றோடு, ஊசியாகச் செலுத்தப்படும் மோனோகுளோனல் ஆன்டிபாடியும் (ஆய்வகத்தில் ஒரே அச்சாகச் செய்யும் ஆன்டிபாடி மருந்து) அதில் இருக்கிறது. இன்ஃப்ளிக்சிமாப் மோனோகுளோனல் ஆன்டிபாடி. அடலிமுமாப் மோனோகுளோனல் ஆன்டிபாடி. பெயரின் கடைசியில் வரும் ‘மாப்’ என்ற எழுத்துகளே அதைத்தான் சொல்கின்றன.

ஆக, ஒரு தாளில் இதை விலக்காதே என்கிறீர்கள். இன்னொரு தாளில், மயக்க மருந்து இல்லாவிட்டால் டே கேர் இல்லை என்கிறீர்கள். இந்த ட்ரிப்ஸ் ஏற்றுவதற்காக மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் உலகத்தில் இல்லை. நிறுவனத்துக்கு எது வசதியோ அந்தத் தாளை எடுத்துக்கொள்கிறது. ஐந்து முறை ஒரு தாள், ஆறாவது முறை மற்ற தாள்.

நான் 2019 பட்டியலின் அந்தப் பக்கத்தை அச்சடித்து, அந்த வரியின் கீழ் மஞ்சள் கோடு போட்டு, நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்பினேன். நவம்பர் இரண்டாம் வாரத்தில் ஒப்புதல் வந்தது. ஏன் மறுத்தார்கள், ஏன் இப்போது தருகிறார்கள் என்பதற்கு ஒரு சொல் விளக்கம் இல்லை. நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மேன்) போயிருக்கலாமே என்று பலர் சொன்னார்கள். சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணமும் இல்லை, தெரியும். நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். பிறகு அவர் தீர்ப்பளிக்க மூன்று மாதம் வரை அவகாசம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் என்னிடம் இருந்தது 56 நாள்.

நவம்பர் 18. ஜூலை 8-க்குப் பிறகு 19 வாரம் ஆகியிருந்தது. இதற்குள் பேதி திரும்பியிருந்தது, பவுத்திரத்தில் மறுபடி ஈரம். இடைவெளி நீண்டுவிட்டதால் முன்கூட்டியே அலர்ஜி ஊசி போட்டுத்தான் மருத்துவர் தொடங்கினார். பத்து நிமிடம் இருக்கும். முகம் சுட்டது. பிறகு நெஞ்சில் யாரோ முழங்காலை ஊன்றியது போல இருந்தது. சிஸ்டரைக் கூப்பிட வாய் வரவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த கரூர்க் கல்லூரிப் பையன் சத்தம் போட்டதால் ஓடி வந்து குழாயை மூடினார். பிறகு நடந்தது எனக்குத் துண்டுதுண்டாகத்தான் நினைவிருக்கிறது. ரத்தப் பரிசோதனை முடிவு வெளியூர் லேபிலிருந்து பத்து நாள் கழித்து வந்தது. மருந்துக்கு எதிரான ஆன்டிபாடி மிக அதிகம். “இனிமேல் இந்த மருந்து உங்களுக்கு இல்லை” என்றார் மருத்துவர்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தேதி தவறாமல் ஏற்றிக்கொள்பவர்களிலும் சிலருக்கு இப்படி ஆவதுண்டு. எனக்கு அந்த இடைவெளியால்தான் ஆனது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க என்னால் முடியாது. ஆனால் ஐந்து முறை ஒரு தும்மல்கூட இல்லாமல் ஏறிய மருந்து அது. அன்றைய கிளைமை நிறுவனம் முழுசாகத் தந்தது. என் உடம்பில் ஏறியது பத்து நிமிட மருந்து, மீதி குப்பைத் தொட்டியில்.

குரோன்ஸ் நோயாளிக்கு மருந்துகள் வரிசையாகக் காத்துக்கொண்டிருப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். அடலிமுமாப், வெடோலிசுமாப், உஸ்டெகினுமாப் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒன்று போனால் போனதுதான்; 32 வயதில் ஒரு விரலை மடக்கிவிட்டேன். இன்னும் எத்தனை வருடம் ஓட்ட வேண்டுமோ.

2025 ஜனவரியிலிருந்து அடலிமுமாப். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கு அடியில் போடும் ஊசி. உலகத்திலேயே இதன் முதல் பயோசிமிலரை, அதாவது மூல மருந்தை ஒத்த மாற்று மருந்தை, 2014 டிசம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது நம் நாட்டு நிறுவனம், அகமதாபாத்தில் இருப்பது. ஆகவே மருந்து இங்கே இல்லை என்ற பேச்சே இல்லை. 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருந்தால் போதும். மாதாந்திர மின்தடை நாளில் மட்டும் பக்கத்துத் தெரு மருந்துக்கடைக் குளிர்பெட்டியில் கொண்டுபோய் வைக்கிறேன், கடைக்காரர் நல்ல மனிதர். ரயில் இல்லை, விடுப்பு இல்லை, கோயம்புத்தூர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை குளித்துவிட்டுத் தொடையில் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. நிறுவனத்துக்கும் இதுதான் செலவு குறைவு. ஆனால் இதற்குத்தான் ஒரு பைசா கிடையாது.

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒருமுறை ஒரு சிறிய மருத்துவமனையில், “அட்மிஷன் போட்டுக் காட்டினால் வரும், ஒருநாள் படுத்துட்டுப் போங்க” என்றார்கள். படுத்தேன். ஊசி போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மீதி நேரம் முழுக்கச் சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் டெங்குக் காய்ச்சலோடு ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களிடம் படுக்கை காலி இல்லை என்று சொன்னது என் காதில் விழுந்தது. அறை வாடகை, டாக்டர் விசிட், நர்ஸிங் என்று ஊசி விலைக்கு மேல் இன்னொரு மடங்கு பில் போட்டார்கள். அந்தப் பில்லை நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதற்கப்புறம் நான் அப்படிப் படுக்கவில்லை. அண்ணன் மூன்று ஊசிக்குக் கொடுத்தால் நான் ஒன்றுக்குச் சேர்க்கிறேன். இரண்டு தடவை இரண்டு வாரம் மூன்று வாரமாகியிருக்கிறது. அந்த மூன்றாவது வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் வராது.

இன்னொரு விஷயம், உச்சவரம்பு. நீங்களே மாதிரியாக வகுத்து 2020-இல் எல்லா நிறுவனங்களும் விற்கச் சொன்ன ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில், இந்தப் 12 சிகிச்சைகளுக்கும் காப்பீட்டுத் தொகையில் 50 சதவீதம்தான். என் பாலிசியிலும் அப்படியே. ஐந்து லட்சத்தில் பாதி இரண்டரை லட்சம். என் பழைய மருந்துக்கு அது மூன்று முறைக்கு முழுசாக வரும். நான்காவது முறை பாதி ட்ரிப்ஸில் பணம் தீர்ந்துவிடும். வருடத்துக்கு ஆறோ ஏழோ முறை வேண்டும். ஒரே ஒருமுறை செய்யும் ரோபோ அறுவைக்கு 50 சதவீதம் என்றால் அதில் ஒரு கணக்கு இருக்கலாம். வருடம் முழுக்கத் தொடர வேண்டிய மருந்துக்குப் பாதி வருடப் பணம் என்றால், மீதிப் பாதியில் எனக்கு ஆன்டிபாடி வளர்க்கத்தான் அந்தப் பணம் உதவும்.

இதெல்லாம் ப்ரீமியத்தை ஏற்றிவிடும் என்று நிறுவனங்கள் உங்களிடம் சொல்லும். அவர்களிடம் ஒரு குரோன்ஸ் நோயாளியின் குடலை வெட்டியெடுத்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து, அடுத்த சில வருடத்தில் மறுபடி வெட்டுவதற்கு என்ன செலவானது என்று கேளுங்கள். அந்தக் கணக்குகள் அவர்களிடம் இருக்கின்றன. அவற்றுக்கு அவர்கள் கேள்வி கேட்காமல் தருகிறார்கள்.

எனவே நான் கேட்பது இவை.

டே கேர் வரையறையில் மயக்க மருந்து நிபந்தனை மோனோகுளோனல் ஆன்டிபாடி சிகிச்சைக்குப் பொருந்தாது என்று ஒரு தெளிவுரை வெளியிடுங்கள். கீமோதெரபி, டயாலிசிஸ் போல இதற்கும் 24 மணி நேரக் கணக்கு இல்லை என்று எல்லாப் பாலிசிகளிலும் எழுதச் சொல்லுங்கள். புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். உங்கள் இரண்டு தாள்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் போதும்.

குடல் மருத்துவர் எழுதிக்கொடுத்து, நோயாளி வீட்டில் போட்டுக்கொள்ளும் ஊசிக்கும் பணம் தர வேண்டும் என்று சொல்லுங்கள். வாய்வழிக் கீமோதெரபி உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது. அந்த மாத்திரையை யாரும் 24 மணி நேரம் படுத்து விழுங்குவதில்லை. காலிக் குப்பியின் தொகுதி எண், மருந்துக்கடை ரசீது, மருத்துவர் சீட்டு, இன்னும் என்ன ஆதாரம் வேண்டுமானாலும் கேட்கட்டும். தருகிறோம்.

தேதி வைத்துத் தரும் சிகிச்சைக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக ஒப்புதல் கேட்க வைக்காதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை, முழு வருடத்துக்கும் சேர்த்து முடிவு செய்யட்டும். நடுவில் நிறுவனத்துக்குச் சந்தேகம் வந்தால், அந்த முறைக்கான மருந்தைக் கொடுத்துவிட்டுச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளட்டும். எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமானது இதுதான். மற்றதெல்லாம் கிடைத்து இது கிடைக்காவிட்டால், அந்தக் கரூர்ப் பையனுக்கும் ஒரு செப்டம்பர் 2 வரும்.

தொடர் சிகிச்சைகளுக்கு உச்சவரம்பை நீக்குங்கள். உடனே முடியாது என்றால், ஒரு வருடத்துக்கான முழு அளவு மருந்துக்குக் குறையாமலாவது வையுங்கள். குடல் நோய் கிளைம்களை மறுப்பதற்கு முன் ஒரு குடல் மருத்துவர் அந்தக் கோப்பைப் படித்துக் கையெழுத்திட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐ.பி.எஸ்.-க்கும் ஐ.பி.டி.-க்கும் வித்தியாசம் தெரிந்தவராக இருந்தால் நல்லது.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று எழுத்தில் பதில் வேண்டும். எட்டு வாரத்துக்குள் என்று கேட்டுக்கொள்கிறேன். என்னிடமுள்ள பில்கள், மறுப்புக் கடிதங்கள், பரிசோதனை முடிவுகள் அனைத்தையும் தேதிவாரியாகக் கோத்து வைத்திருக்கிறேன், செய்யும் வேலை அப்படி. கேட்டால் நகல் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு பாலிசிதாரர்